பறைதல்: ஒரு வினைச்சொல்லின் சாதகம்



பொழுதுபட்டு விளக்கேற்றியதும் எங்கள் வீட்டு விறாந்தையிலே அயலட்டத்து ஆச்சிமார் மூன்று நான்கு பேர் வந்து கூடுவது வழக்கம். ஒருவர் கையிலே பாக்குவெட்டி இருக்கும், இன்னொருவர் மடியிலே வெற்றிலைச் சரை இருக்கும். ஊர்ப் புதினம் முழுவதும் அங்கே அலசப்படும். சிறுவர்களாகிய நாங்கள் கிட்டப் போய், "என்ன ஆச்சி பறையிறியள்?" என்று கேட்போம். "பெரியாக்கள் பறையிற இடத்திலை உங்களுக்கு என்ன வேலை? போய்ப் படியுங்கோ" என்று பதில் வரும்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக் கட்டுரையிலே, "ஆச்சிமார் பறைந்துகொண்டிருந்தார்கள்" என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையாலே வட்டமிட்டு, "சந்தைச் சொல்" என்று பக்கத்தில் எழுதினார். பிறகு என்னை அருகே அழைத்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்தச் சொல் எங்களுக்கு வேண்டாம்" என்றார். சந்தைச் சொல் என்றது எனக்கு விளங்கியது. "எங்களுக்கு வேண்டாம்" என்றதன் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. அந்த இரண்டு தீர்ப்புக்களையும் மறுவிசாரணைக்கு எடுப்பதுதான் இன்றைய உரையின் நோக்கம்.

முதலிலே இந்தச் சொல் யாழ்ப்பாணத்தில் நிற்கும் இடத்தைப் பார்ப்போம்.

வாயால் உரைப்பதைக் குறிக்க எங்கள் பேச்சுத் தமிழில் நான்கு வினைகள் உண்டு. சொல்லுதல், ஒரு செய்தியை இன்னொருவருக்குத் தெரிவிப்பது. பேசுதல், தமிழ்நாட்டிலே பொதுவாக உரையாடுவதைக் குறிக்கும்; யாழ்ப்பாணத்திலோ "அப்பா என்னைப் பேசினார்" என்றால் அப்பா ஏசினார் என்று பொருள். மேடைப் பேச்சுக்கும் கலியாணப் பேச்சுக்கும் அந்தச் சொல் உண்டென்றாலும், ஆளைச் சுட்டி வந்தால் அது ஏச்சுத்தான். அன்றாட உரையாடலுக்கு நாங்கள் வைத்திருப்பது கதைத்தல். தமிழகத்தார் நம்மை அடையாளம் கண்டுகொள்வதே இந்தச் சொல்லால்தான். நான்காவது பறைதல். என் காதிலே விழுந்தவரையில், அவசரமில்லாமல் இருந்து நெடுநேரம் கதைப்பதற்கும், தேவைக்கு மேலே கதைப்பதற்கும் முதியவர்கள் இதனைப் பயன்படுத்தினார்கள். "கனக்கப் பறையாதை" என்பது வாயை அடக்கு என்ற எச்சரிக்கை.

இன்று இளையவர்களின் வாயில் இந்த வினை தனித்து வருவது அருமை. ஆனால் இணைமொழிகளிலே அது ஒதுங்கி உயிர் வாழ்கிறது. கோபித்துக்கொண்ட இரு வீட்டாரைப் பற்றி, "அவைக்குள்ளை பேச்சுப் பறைச்சல் இல்லை" என்கிறோம். காணி வழக்கொன்றைக் கோட்டுக்குப் போகாமல் தீர்த்தால், "கதைச்சுப் பறைஞ்சு முடிச்சிட்டம்" என்கிறோம். தனித்து நிற்க முடியாத சொல், இன்னொரு சொல்லின் தோளைப் பிடித்து நடப்பது மொழிகளிலே வழமை. ஈவிரக்கம் என்ற தொடரிலே ஈவு என்ற பழஞ்சொல் இரக்கத்தின் துணையோடு இன்றுவரை வந்து சேர்ந்திருப்பதும் இவ்வாறுதான்.

இனி இந்த வினை திரிந்து வருகிற முறையை நோக்குவோம். எழுத்து வழக்கிலே பறைகிறேன், பறைந்தேன், பறைவேன் என முக்காலமும் அமையும். பேச்சிலே நிகழ்காலம்: நான் பறையிறன், நீ பறையிறாய், நீங்கள் பறையிறியள், அவர் பறையிறார், அவை பறையினம். இறந்தகாலம்: நான் பறைஞ்சன், நீ பறைஞ்சாய், நீங்கள் பறைஞ்சியள், அவர் பறைஞ்சார், அவை பறைஞ்சினம். எதிர்காலம்: பறைவன், பறைவாய், பறைவியள், பறைவார், பறைவினம். ஏவலிலே பறை, பறையுங்கோ. விலக்கிலே பறையாதை, பறையாதேங்கோ. இயலாமையைச் சொன்னால் பறைய ஏலாது. பெயராக்கினால் பறைச்சல். பலர்பாலுக்கு வரும் 'இனம்' என்ற ஈறு யாழ்ப்பாணப் பேச்சின் தனி முத்திரை. மரியாதை குறைத்துச் சொல்ல வேண்டின், அவங்கள் பறையிறாங்கள் என்று ஈறு மாறிவிடும்.

இலக்கண வகுப்பு நடத்துகிறாரே என்று நேயர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். ஒரு மனிதனுடைய பிறப்பை அறியச் சாதகக் குறிப்பைப் பார்க்கிறோம். ஒரு வினைச்சொல்லின் பிறப்பை அறிய அது திரிகிற முறையைப் பார்க்க வேண்டும். இதனைத் தெளிவாக்கும் உதாரணம் ஒன்று தூர தேசத்திலே, இறந்துபோன ஒரு மொழியிலே கிடைக்கிறது.

அந்த மொழி கோதிக். ஆங்கிலம், ஜேர்மன், சுவீடிஷ் முதலியவற்றின் பழைய உறவுமொழி அது. கி.பி. 4ஆம் நூற்றாண்டிலே வுல்ஃபிலா என்ற ஆயர் அம்மொழிக்கென ஓர் எழுத்து முறையை ஆக்கி, விவிலியத்தை அதிலே பெயர்த்தார். 6ஆம் நூற்றாண்டிலே இத்தாலியில் ஊதா நிறத் தோற்றாள்களில் வெள்ளி மையால் எழுதப்பட்ட நற்செய்திப் பிரதி ஒன்று இன்று சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. வெள்ளிச் சுவடி என்று அதனை அழைப்பர். 336 தாள்களாக இருந்த அதிலே 188 தாள்களே எஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்று ஜேர்மனியின் ஸ்பயர் நகரிலே 1970இல் கண்டெடுக்கப்பட்டது. கோதிக் மொழியைப் பற்றி நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி இந்தத் தாள்களிலிருந்து வந்ததே.

அந்தச் சுவடியிலே யோவான் நற்செய்தி 14ஆம் அதிகாரம் 30ஆம் வசனத்திலே ஓர் அரிய வினை வருகிறது. இயேசு தம் சீடரை நோக்கி, இனி உங்களோடு அதிகம் பேசமாட்டேன் என்று சொல்லும் இடம் அது. அங்கே பேசுதலுக்கு வந்திருக்கும் சொல் மத்லியன். எஞ்சியுள்ள கோதிக் எழுத்துக்கள் அனைத்திலும் இந்த வினை அந்த ஓரிடத்திலே மட்டுமே வருகிறது. அதுவும் தன்மை ஒருமையிலே, மத்லியா என்ற ஒரே வடிவிலே. கோதிக்கிலே எதிர்காலத்துக்கெனத் தனி வடிவம் இல்லாமையால் நிகழ்கால வடிவமே அங்கு எதிர்காலத்தையும் குறிக்கிறது.

ஒரே ஒரு தடவை வந்த சொல்லின் பிறப்பை எப்படிக் கண்டார்கள்? அதன் ஈற்றைப் பார்த்துத்தான். பெயர்ச்சொல்லோடு 'யன்' சேர்த்து வினையாக்குவது அம்மொழியின் வழக்கம். அப்படியானால் மத்ல் என்றொரு பெயர் இருந்திருக்க வேண்டும். இருக்கிறது: மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்திலே சந்தை கூடும் இடத்துக்கு அந்தச் சொல் வந்துள்ளது. பழைய ஆங்கிலத்திலே அதன் உறவுச்சொல் கூட்டம், சபை, சபையிலே பேசும் பேச்சு என்ற பொருள்களைத் தரும். ஆகவே மத்லியன் என்றால், சனம் கூடுகிற இடத்திலே பேசுதல். சந்தைச் சொல் என்று என் ஆசிரியர் ஏளனமாக எழுதியது, இந்தக் கோதிக் வினைக்கு எழுத்துக்கு எழுத்து உண்மை. எனினும் வேதத்தைப் பெயர்த்த ஆயர், தம் ஆண்டவரின் வாயிலே அந்தச் சந்தைச் சொல்லை வைக்கத் தயங்கவில்லை.

அதே மொழியிலே சொல்லுதலுக்கு இன்னொரு வினையும் உண்டு: க்விதன். இது அரிய சொல்லன்று. பக்கத்துக்குப் பக்கம் வருவது. அதன் இறந்தகாலம் க்வத், அவர்கள் சொன்னார்கள் என்பது க்வேதுன். இங்கே ஈறு சேர்ப்பதால் மட்டும் காலம் காட்டப்படவில்லை. உள்ளே இருக்கிற உயிரே மாறுகிறது. இவ்வாறு உயிர் மாறும் வினைகள் மிகப் பழையவை, வேறொரு பெயரிலிருந்து ஆக்கப்படாதவை. 1819இல் ஜேர்மன் இலக்கணத்தை வெளியிடத் தொடங்கிய யாக்கோப் கிரிம் இவற்றை வலிய வினைகள் என்றும், மத்லியன் போன்றவற்றை மெலிய வினைகள் என்றும் வகுத்தார். க்விதனுடைய உறவுச்சொல் ஆங்கிலத்திலே குவோத் என்ற இறந்தகால வடிவமாக மட்டும் பழைய கவிதைகளிலே எஞ்சியிருக்கிறது. நிகழ்காலம் செத்துவிட்டது. பறைச்சல் என்ற பெயரை வைத்துக்கொண்டு பறையிறதை மறந்துவருகிற நம் நிலை ஆங்கிலேயருக்கு முன்பே நேர்ந்தது.

இந்த முறையை இப்போது நம்முடைய சொல்லுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

தமிழ் வினைகளையும் மெல்வினை, வல்வினை என்று பிரித்துக் கற்பிக்கும் வழக்கம் ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்களாலே பரவியது. உடைந்தது, அலைந்தது, கரைந்தது என 'ந்த்' பெற்று வருவன மெல்வினை. உடைத்தான், அலைத்தான், கரைத்தான் என 'த்த்' பெற்று வருவன வல்வினை. பெயர் ஒன்றாயினும் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். கோதிக்கிலே பெயரிலிருந்து பிறந்த வினை மெலிய வினை. தமிழிலோ பெயரிலிருந்து வினை ஆக்கினால் அது பெரும்பாலும் வல்வினையாகும். பூ பூத்தது, காய் காய்த்தது. வடமொழியிலிருந்து வந்த கதை என்ற பெயரை வினையாக்கியபோது நம் முன்னோர் கதைத்தார், கதைக்கிறார் என்றே ஆக்கினர். கதைந்தார் என்று யாரும் சொல்வதில்லை.

பறை என்பதற்கு மேளம் என்ற பொருளும் உண்டு. மேளத்திலிருந்து வினை பிறந்திருந்தால், கதைத்தான் போலப் பறைத்தான் என்று வந்திருக்கும் என எதிர்பார்க்கலாம். ஆனால் வந்திருப்பது பறைந்தான். அலைந்தான், விளைந்தது, குடைந்தான் என்ற பழைய வினைகளின் வரிசையிலே அது நிற்கிறது.

இதற்கு இன்னொரு சான்று பறைச்சல் என்ற பெயர். விளைந்தது - விளைச்சல், அலைந்தான் - அலைச்சல், குடைந்தது - குடைச்சல், எரிந்தது - எரிச்சல், பாய்ந்தான் - பாய்ச்சல். தொல்லை என்ற பொருளிலே நாம் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுகிற கரைச்சலும் கரைந்தது என்பதோடு சேர்ந்ததே. 'ச்சல்' என்ற இந்த விகுதி மெல்வினைகளையே விரும்பித் தேடிச் சேர்வதைக் காண்கிறோம். கதைச்சல் என்றொரு சொல் இல்லை. பறைச்சல் உண்டு.

ஆகவே சாதகம் சொல்வது இதுதான்: பறைதல் பிறிதொன்றிலிருந்து ஆக்கப்பட்ட வினையாகத் தோன்றவில்லை. அது தன் காலில் நிற்கும் தமிழ் வினையடி. உரை என்பது உரைத்தலுக்கும் உரைக்கப்பட்டதற்கும் பெயராவது போல, பறை என்பது சொல்லுதலுக்கும் சொல்லுக்கும் பெயராயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் பறைதலுக்குச் சொல்லுதல் என்று பொருள் தருகிறது. அதே ஒலியிலே வேறு சொற்களும் உண்டு என்பதை மறக்கலாகாது. சங்கப் பாடல்களிலே பறை பறவையின் பறத்தலையும் சிறகையும் குறிக்கும். தேவாரத்திலே வினை பறையும் என்றால் வினை அழியும் என்று பொருள். ஒலி ஒன்றாயிருப்பதால் அவற்றையெல்லாம் ஒரே குடும்பமாக்கிவிட வேண்டியதில்லை.

கடல் கடந்தால் இந்தச் சொல்லுக்கு ஓர் அரசவாழ்வு கிடைத்திருப்பதைக் காணலாம். கேரளத்திலே பறயுக என்பதுதான் சொல்லுதலுக்கு நாளாந்த வினை. ஞான் பறஞ்ஞு, அவன் பறஞ்ஞு, அவர் பறஞ்ஞு என்று மூவிடத்துக்கும் ஒரே வடிவம். இன்றைய மலையாளம் வினையின் ஈற்றிலே ஆளைக் காட்டும் விகுதியை விட்டுவிட்டது. நாமோ பறைஞ்சன், பறைஞ்சாய், பறைஞ்சினம் என்று இன்னும் ஆளைக் காட்டுகிறோம். பறைந்து என்பதிலே 'ஐ'யின் பின்வந்த 'ந்த்' நம்முடைய வாயிலே 'ஞ்ச்' ஆயிற்று. தேய்ந்து தேஞ்சு ஆனதும் அறிந்து அறிஞ்சு ஆனதும் அவ்வாறே. மலையாளி இன்னும் ஓரடி சென்று 'ஞ்ஞ்' ஆக்கினான். கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழிலும் இந்த வினை வழங்குகிறது.

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை. "பாருங்கள், மலையாளச் சொல்! ஆகவே யாழ்ப்பாணத்தார் மலையாளத்திலிருந்து வந்தவர்கள்" என்று சிலர் உடனே முடிவு கட்டுவார்கள். குடியேற்ற வரலாறு வேறு சான்றுகளைக் கொண்டு ஆராய வேண்டிய பொருள். ஒரு சொல்லை வைத்து அதனை நிறுவ முடியாது. இரண்டு பேச்சுக்கள் சேர்ந்து ஒரு புதுமையைச் செய்திருந்தால், அவை நெருங்கி வாழ்ந்தன எனலாம். இரண்டும் ஒரு பழமையைக் காத்திருந்தால், இரண்டும் காத்தன என்பதே அதன் பொருள். பாட்டன் வீட்டுக் குத்துவிளக்கு இரண்டு பேரப்பிள்ளைகளின் வீட்டிலும் இருந்தால், ஒருவன் மற்றவனிடம் வாங்கினான் என்று சொல்லமாட்டோம். அது, இது என்பவற்றுக்கு நடுவே உது என்ற சுட்டை நாம் இன்னும் வழங்குகிறோம். தொல்காப்பியர் அ, இ, உ என மூன்றையும் சுட்டென்று கூறினார். பறைதலையும் அத்தகைய முதுசொத்தாகக் கொள்வதே பொருத்தம்.

இனி ஆசிரியரின் இரண்டாவது தீர்ப்புக்கு வருவோம். "எங்களுக்கு வேண்டாம்" என்று அவர் ஏன் குரலைத் தாழ்த்தினார்?

பேச்சையும் கொட்டையும் தமிழர் மனம் நெடுங்காலமாக இணைத்தே வைத்திருக்கிறது. அறைதல் என்ற வினை அடித்தலையும் குறிக்கும், சொல்லுதலையும் குறிக்கும். மணிமேகலையின் முதற் காதைக்கு விழாவறை காதை என்றே பெயர். புகார் நகரத்திலே யானையின் பிடரியில் முரசை ஏற்றி, இந்திர விழாவை ஊருக்கு அறிவிக்கும் காட்சி அதிலே வருகிறது. திருவள்ளுவர் 1076ஆம் குறளிலே, கேட்ட இரகசியத்தைச் சுமந்து சென்று பிறருக்குச் சொல்லிவிடுகிற கயவரை அடிக்கப்படும் பறைக்கு ஒப்பிடுகிறார். 1180ஆம் குறளிலே காதலியின் கண்களே பறையாகி, உள்ளத்தில் மறைத்ததை ஊரறியச் செய்கின்றன. பறை என்ற மேளத்தைச் 'சொல்லுவது' என்று கருதிப் பெயரிட்டனரோ, அன்றி இரண்டு சொற்கள் ஒலியால் சந்தித்தனவோ, எதுவாயினும் தமிழ்க் கவிஞனுக்குப் பறை பேசுகிற பொருள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களிலே தெய்வம், உணவு, விலங்கு, மரம் என்பவற்றோடு பறையையும் வைத்து எண்ணுகிறது.

அந்த மேளத்தை முழக்கியவர்களுக்கும் அக்காலத்திலே மதிப்பிருந்தது. புறநானூற்று 335ஆம் பாடலிலே மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கையும் குடிகளாக எடுத்துப் போற்றுகிறார். ஆனால் இராசராச சோழன் காலத்துத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களிலே பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களைக் காண்கிறோம். அவன் ஆண்டது 985 முதல் 1014 வரை. போற்றப்பட்ட குடி ஒதுக்கப்பட்ட சேரியாக மாறியதை இந்தப் பெயர்கள் காட்டுகின்றன. பின்னர் போர்த்துக்கேயர் வாயிலாக அந்தச் சாதிப் பெயர் ஐரோப்பாவுக்குச் சென்றது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், சமூகத்தால் விலக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச் சொல்லாக அது இன்றும் வழங்குகிறது. 1856இலே திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர் அச்சாதிப் பெயரை மேளத்தின் பெயரிலிருந்தே வந்ததாகக் கொண்டார்.

யாழ்ப்பாணத்திலே மரண வீட்டுப் பறைமேளம் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. மேளத்தின் பெயர் வசையாயிற்று. வசையாகிய சொல்லோடு ஒலியால் ஒத்த வினையையும் வாயில் எடுக்கக் கூசினார்கள். என் ஆசிரியரின் தாழ்ந்த குரலுக்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. தம்முடைய தாயும் பாட்டியும் நாள்தோறும் வழங்கிய சொல்லையே அவர் அயலார் சொல்லாக்கினார். மலையாளத்திலே மேளத்துக்கும் பற என்றுதான் பெயர். அங்கும் சாதிக் கொடுமை குறைவாக இருந்ததில்லை. எனினும் அரசனும் ஆண்டியும் அங்கே பறயுகதான் செய்தார்கள். ஆகவே வெட்கம் சொல்லுக்குள்ளே பிறந்ததன்று என்பது தெளிவு.

சொல்லின் மீது சுமத்திய அந்த வெட்கத்துக்கு இலக்கிய உலகிலும் ஒரு வரலாறு உண்டு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் நானாடகம் என்ற நூலை வெளியிட்டு யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை நாடகத்திலே ஏற்றினார். 1960களின் தொடக்கத்தில், பேச்சு வழக்கிலே கதை எழுதியவர்களுக்கு எதிராக மரபுப் போராட்டம் என்றொரு சர்ச்சை கிளம்பியது. அப்போது அந்தத் தமிழுக்கு வைக்கப்பட்ட பெயர் 'இழிசனர் வழக்கு'. மரபைக் காக்க எண்ணியவர்களின் தமிழ்ப்பற்றிலே எனக்கு ஐயமில்லை. இலக்கணம் குலைந்தால் மொழி சிதறும் என்ற அவர்களுடைய அச்சத்துக்கும் நியாயம் உண்டு. ஆயினும் அந்தப் பெயரைக் கவனியுங்கள். சொல்லின் குறையை அது சொல்லவில்லை, சொல்லுபவரின் பிறப்பைச் சொல்கிறது.

அதே பதிற்றாண்டிலேதான் இங்கே தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைவதற்கான போராட்டங்கள் வெடித்தன. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலே நிறைவேறியிருந்தும் கதவுகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே போராட்டம் நடந்தது. அந்த வாழ்க்கையை, அந்த மக்களின் பேச்சிலேயே, கே. டானியல் 1972இல் வெளிவந்த பஞ்சமர் நாவலிலே எழுதினார். கோயிலுக்குள் யார் வரலாம் என்ற கேள்வியும், ஏட்டுக்குள் எந்தச் சொல் வரலாம் என்ற கேள்வியும் ஒரே காலத்திலே எழுந்தது தற்செயலன்று என்றே நான் கருதுகிறேன்.

சொற்களைத் திரட்டுவதிலே யாழ்ப்பாணம் பின்நின்ற ஊரன்று. மானிப்பாய் அகராதி என்று வழங்கும் யாழ்ப்பாண அகராதி 1842இலே ஏறத்தாழ 58,500 சொற்களோடு அச்சேறியது. 1862இலே சென்னையிலே வெளிவந்த வின்சுலோவின் பேரகராதிக்கும் யாழ்ப்பாணத்து மிஷனரிமாரின் சேகரிப்பே தொடக்கம். மானிப்பாயிலே பிறந்து நல்லூரிலே பணிசெய்த சுவாமி ஞானப்பிரகாசர் 1938 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியிலே தமிழ் வேர்களை ஐரோப்பிய மொழிகளின் வேர்களோடு ஒப்பிட்டார். அவருடைய முடிபுகள் யாவற்றையும் இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. ஆனால் நல்லூரிலே இருந்துகொண்டு ஒரு சொல்லின் வேரைத் தேடி உலகத்தைச் சுற்றலாம் என்று காட்டியவர் அவர். அந்த அகராதி முற்றுப்பெறுமுன் 1947இலே அவர் காலமானார்.

ஏடுகள் எரியக்கூடியவை என்பதை நாம் 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது கண்டோம். ஏடு எரிந்தாலும் சொல் சனத்தின் வாயிலே இருக்கும் என்று ஆறுதலடைந்தோம். 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்துச் சனமே ஒரே இரவில் வீதிக்கு வந்தது. ஆச்சிமார் கூடிய விறாந்தைகள் வெறிச்சோடின. ஒரு பகுதியினர் திரும்பினர். ஒரு பகுதியினர் வன்னியிலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலுமாகச் சிதறினர். பறைதல் என்ற வினைக்கு நாலு பேர் கூடுகிற இடமும், அவசரமற்ற பொழுதும் வேண்டும். இரண்டும் இல்லாதபோது, சாதி வெட்கம் தொடங்கிய வேலையை இடப்பெயர்வு முடித்துவைக்கிறது.

கோதிக் மொழிக்கும் இப்படி ஒரு கடைசி அத்தியாயம் உண்டு. மேற்கு ஐரோப்பாவிலே அது மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின், கருங்கடலின் கிரீமியாக் கரையிலே அதன் கிளை ஒன்று பேசப்பட்டு வந்தது. 1560களின் தொடக்கத்திலே, துருக்கிச் சுல்தானின் தலைநகரிலே தூதராக இருந்த புஸ்பெக் என்பவர் அந்தப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பேரைச் சந்தித்தார். அவர்களிடம் கேட்டு ஏறத்தாழ 80 சொற்களை எழுதிவைத்தார். அவர் மொழிநூலார் அல்லர். எழுதியவற்றிலே பிழைகளும் உண்டு. ஆயினும் கிரீமியாக் கோதிக்கைப் பற்றி உலகத்துக்குக் கிடைத்த முதன்மைச் சான்று அந்தச் சிறு பட்டியல்தான்.

நேயர்களே, நம் வீட்டிலே எண்பது வயதைத் தாண்டிய ஆச்சியோ அப்புவோ இருந்தால், ஒரு பின்னேரம் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்திலே இருங்கள். சொல்லை மட்டும் எழுதாதீர்கள். நேற்றைக்கு எப்படிச் சொல்வது, நாளைக்கு எப்படிச் சொல்வது, பெரியவருக்கு எப்படி, சின்னவருக்கு எப்படி என்று கேட்டு எழுதுங்கள். பறையிறன், பறைஞ்சன், பறைவன் என்ற மூன்று வடிவங்கள் கையிலே இருந்தபடியாலேதான் அந்தச் சொல்லின் பிறப்பை இன்று நம்மாலே கூறமுடிந்தது. பறைச்சல் என்ற ஒன்றே மிஞ்சியிருந்தால் பாதி வழக்கிலேயே நின்றிருப்போம்.

என்னுடைய ஆசிரியர் இன்று இல்லை. அவர் கற்பித்த தமிழைக் கொண்டுதான் இந்த உரையை எழுதினேன் என்ற நன்றி எனக்கு உண்டு. அந்தக் கட்டுரைக் கொப்பி இப்போது கையிலிருந்தால், சிவப்பு வட்டத்தை அழிக்கமாட்டேன். அதன் பக்கத்திலே, "தமிழ் வினை, மெல்வினை, ஆச்சி வழங்கியது" என்று சிறிதாக எழுதிவைப்பேன்.

அடுத்த உரையிலே வேறொரு சொல்லோடு சந்திப்போம்.